நம்ம நாட்டுக்காரரும் வானத்துத் தூசும்

பொல்பிட்டிய

அன்புள்ள கூட்டாளிக்கு,

இப்போ சொல்லாமல் இருக்க ஏலாத கதை ஒன்று இருக்கு.

சந்திரா விக்கிரமசிங்க தெரியும்தானே? 1939இல் கொழும்பில் பிறந்து, றோயல் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜுக்குப் போய் வானியலாளர் பிரெட் ஹொய்லிடம் ஆராய்ச்சி செய்தவர். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா, விண்வெளித் தூசு!

தூரத்து நட்சத்திரங்களின் ஒளியை வழியிலே தூசு மறைக்குது என்று 1930இலேயே ட்ரம்ப்ளர் என்ற வானியலாளர் காட்டிவிட்டார். நம்ம ஊர் மூடுபனிக்குள் வெள்ளை விளக்கு மங்கும், நிறம் மாறாது. பனித்துளி ஒளியலையைவிட அவ்வளவு பெரிது. விண்வெளித் தூசு மிகச் சிறிது. அதனால் நீலத்தைத்தான் அதிகம் தடுக்கும்; நட்சத்திரம் சிவந்து தெரியும்.

அது என்ன தூசு? பனிக்கட்டித் துகள் என்பதே அன்றைய பேச்சு. 1962இல் விக்கிரமசிங்கவும் ஹொய்லும், இல்லை, கிராஃபைட், அதாவது பென்சில் கரி என்றார்கள். 1965இல் ரொக்கெட்டில் போன கருவி நட்சத்திரங்களின் புறஊதா நிறமாலையைப் பார்த்தது. 217.5 நானோமீட்டர் பக்கம் ஒளி ஒரேயடியாகக் குறைந்திருந்தது. சின்னஞ்சிறு கிராஃபைட் துகள்கள் ஒளியை விழுங்கும் இடமும் கிட்டத்தட்ட அதுதான்! எந்தக் கரித்துகள் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் கரிதான் என்பதில் பலருக்கும் சந்தேகமில்லை.

மனுசன் அதோடு நின்றாரா? அந்தத் தூசிலே பக்டீரியா இருக்கு என்றார். அகச்சிவப்பில் 3.4 மைக்ரோமீட்டர் அருகே வரும் உறிஞ்சல், காய்ந்த பக்டீரியாவோடு ஒத்துப்போகுதாம். மற்றவர்கள் விடுவார்களா? அந்த இடத்தில் உறிஞ்சுவது கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு. உயிரில்லாத எத்தனையோ பொருளிலும் அது உண்டு என்றார்கள். பொலன்னறுவைப் பக்கம் விழுந்ததாகச் சொன்ன ஒரு கல்லை 2013இல் காட்டி, அதில் இருப்பது விண்ணிலிருந்து வந்த பாசி உயிர் என்றார். அது விண்கல்லே இல்லை, பூமிக் கல்தான் என்று சொன்னவர்கள் பலர்.

என் தீர்ப்பைக் கேள். நிறமாலை பிணைப்பைக் காட்டும், பிறப்பைக் காட்டாது. கரியைச் சொன்னதற்கு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடு. பக்டீரியா என்றால் சாட்சி கேள்.

உடனே பதில் போடு.

உன் கூட்டாளி