கோணலாகச் செய்த படகு

பதுவாவுக்குப் படிக்க வந்து ஆறு மாதம் ஆகியும் வெனிஸை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வாய்க்கவில்லை. ரயிலில் அரை மணி நேரம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற நினைப்பிலேயே நாட்கள் ஓடிவிட்டன. செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாள், பையில் ரெண்டு ரொட்டியும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வண்டி ஏறினேன். 1846-ல் திறந்த கடற்கழிப் பாலத்தில் ரயில் நுழைந்ததும் இருபுறமும் தண்ணீர். சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால், படிக்கட்டுக்குக் கீழே பெருங்கால்வாய்.

சான் மார்கோ சதுக்கத்துக்குப் போகும் கூட்டத்தை விட்டு விலகி, தோர்சொதூரோ பகுதியின் சந்துகளில் கால் போன போக்கில் நடந்தேன். சான் த்ரொவாசோ கால்வாய்க்கரை வந்ததும் நின்றுவிட்டேன். கல்லும் காரையுமான ஊரில் எதிர்க்கரையில் மட்டும் ஒரு மரவீடு. அதன் முற்றம் சரிவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. அதுதான் ஸ்குவேரோ, கோண்டோலா கட்டவும் பழுது பார்க்கவுமான பட்டறை. 17-ம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருக்கிறது. மரமும் தச்சர்களும் வடக்கே கதோரே மலைப்பக்கத்திலிருந்து வந்ததால் பட்டறையிலும் மலைவீட்டுச் சாயல்.

கரையோரம் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தேன். முற்றத்தில் ஒரு கோண்டோலா கவிழ்ந்து கிடந்தது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அதன் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கால்வாயைத் தாண்டி 'சரக், சரக்' என்று சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் சுரண்டுவார், உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் அதே இடத்தில் திரும்பவும் சுரண்டுவார். பிறகு முனையில் குந்தி, ஒரு கண்ணை மூடிப் படகின் நீளம் முழுக்கப் பார்வையை ஓட்டினார். நானும் அப்படியே பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், படகு கோணலாக இருந்தது.

தவறு நேர்ந்து வந்த கோணலில்லை அது. ஏறக்குறைய 11 மீட்டர் நீளமுள்ள கோண்டோலாவின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 செ.மீ. அகலம் கூடுதல். படகோட்டி பின்பக்கத்தில் நின்றபடி ஒரே துடுப்பை வலப்புறம் மட்டும் போடுகிறார். இருபுறமும் சமமாக இருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் படகு இடப்பக்கம் திரும்பும். அந்த இழுப்பைச் சமன்செய்யத்தான் உடலையே வளைத்துக் கட்டுகிறார்கள். கருவாலி, அக்ரூட், செர்ரி என எட்டு வகை மரங்களில் 280 துண்டுகள். பக்கப் பலகைகளை ஒருபுறம் நனைத்து, மறுபுறம் நாணல் தீ காட்டி மெல்ல மெல்ல வளைக்கிறார்கள். படகோட்டியின் எடையைக் கேட்டுக்கொண்டுதான் வளைவையே தீர்மானிக்கிறார்கள். இன்றைய வடிவத்தைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் 1884-ல் தனிப் பட்டறை தொடங்கிய தொமேனிகோ த்ரமொந்தின்.

மதியத்துக்கு மேல் இன்னொரு சந்தில், கதவு திறந்திருந்த பட்டறை வாசலில் தயங்கி நின்றேன். துடுப்பும் துடுப்புத்தாங்கியும் செய்யும் ரெமேர் ஒருவரின் பட்டறை. என் அரைகுறை இத்தாலிய மொழியைக் கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். அந்தத் தாங்கிக்கு ஃபோர்கொலா என்று பெயர். வருடக்கணக்கில் உலர்த்திய அக்ரூட் கட்டையை இடுக்கியில் பிடித்து, இருபக்கமும் பிடி வைத்த கத்தியைத் தன் பக்கம் இழுத்து இழுத்து இழைத்தார். தேன் நிறச் சுருள்கள் காலடியில் குவிந்தன. மடக்கிய முழங்கை போன்ற அதன் வளைவில் விரலை வைத்து இடம் இடமாகக் காட்டினார். இங்கே துடுப்பை வைத்தால் முன்னே போகும், இங்கே மாற்றினால் திரும்பும், இங்கே வைத்தால் பின்னே வரும். துடுப்பைக் கட்டிவைக்கும் கயிறோ வளையமோ கிடையாது. குறுகிய கால்வாயில் சட்டென்று எடுத்து மாற்றத்தான் அந்தத் திறந்த வளைவுகள்.

ஒரு துடுப்பை என் கையில் கொடுத்து, காலை அகட்டி நிற்கச் சொன்னார். நின்றேன். என் முழங்கையைப் பார்த்தவர், "இது உன் உயரத்துக்குச் செய்ததில்லை. உன்னைவிட நாலு விரற்கடை உயர்ந்தவருக்கு" என்றார். யாருக்கு என்றேன். அடுத்த வாரம் வாங்க வருகிறவர், அவர் அப்பாவுக்கும் நான்தான் செய்தேன் என்றார்.

ஒரு கோண்டோலா நீரில் இறங்குவதற்குள் எத்தனை பேர் கை பட வேண்டியிருக்கிறது! தச்சர், ரெமேர், முனையில் நிற்கும் ஃபெர்ரோ என்ற உலோகத் தகட்டைச் செய்பவர், மரச்சிற்பி, பொன்தகடு அடிப்பவர், படகோட்டியின் தொப்பியும் காலணியும் தைப்பவர். இவர்களெல்லாம் 2002-லிருந்து எல் ஃபெல்ஸே என்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். இதில் ஒருவருக்குப் பின் ஆள் இல்லாமல் போனாலும் படகின் அந்த ஓர் உறுப்பைச் செய்யத் தெரிந்தவரே இல்லாமல் போய்விடும். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

கோண்டோலா சவாரிக்கு என் உதவித்தொகை தாங்காது. ஆனால் சான் தோமா துறையில் பெருங்கால்வாயைக் கடக்க ஒரு படகு உண்டு, 2 யூரோதான். சாயங்காலம் அதில் ஏறினேன். அக்கரை நெருங்கியதும் பின்னால் நின்றவர் துடுப்பை ஒரு வளைவிலிருந்து தூக்கி இன்னொன்றில் வைத்தார். கண் சிமிட்டும் நேரம்தான். படகு முட்டாமல் மோதாமல் படித்துறையை ஒட்டி நின்றது. இறங்கிய நான், அவர் கைக்கும் அந்த மரத்துக்கும் இடையே இருந்த உயரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கரையிலேயே நின்றேன். அதை அளந்து செய்தவரின் பட்டறையில் இந்நேரம் விளக்கு ஏற்றியிருப்பார்கள்.