நான் சும்மாதான் நின்னேன்

ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டு இருக்கிற விஷயம் மக்களே. இன்னிக்கு எழுதிடறேன். வழக்கமான மொக்கை இதுல கிடையாது.

2019 மே மாசம். லீவுல ஊருக்குப் போயிருந்தேன். கிரிக்கெட் டோர்னமெண்ட்ல ஒரு ரன் அவுட் தகராறு. அதோட முடிஞ்சிருக்கணும். ஒன்றரை மணி நேரம் கழிச்சு சித்தப்பா பையன் போன் பண்ணினான். "அண்ணே, தட்டிக் கேக்கப் போறோம், வர்றியா?" நான் லேப்டாப்பும் கையுமா உக்காந்திருந்தேன். "வேலை இருக்குடா"ன்னு வெச்சுட்டேன்.

நாலு பேர் போனாங்க. ஒருத்தன் கையில ஸ்டம்ப். தலையில ஒரே அடி. அந்தப் பையன் மூணாம் நாள் ஆஸ்பத்திரியில இறந்துட்டான். கொலை முயற்சி வழக்கு கொலை வழக்கா மாறிடுச்சு.

தம்பி அடிக்கலை. "நான் சும்மாதான் நின்னேன்"னு இன்னிக்கு வரைக்கும் சொல்றான். ஆனா இ.பி.கோ. 34 இருக்கே.. பொது எண்ணத்தோட சேர்ந்து செஞ்சா, அடிச்சவனுக்கு உள்ள பொறுப்பு கூட நின்னவனுக்கும் உண்டு. 1923-ல வங்காளத்துல ஒரு போஸ்ட் மாஸ்டரைக் கொன்ன வழக்குல, வெளிய நின்னேன்னு சொன்னவரோட வாதத்தை லண்டன் பிரிவி கவுன்சிலே ஏத்துக்கலை. நானும் போயிருந்தா அஞ்சு பேர். அப்போ 149-ம் வந்திருக்கும். சட்டவிரோதக் கூட்டத்துக்குக் குறைஞ்சபட்சம் அஞ்சு தலை வேணும். (2024 ஜூலையிலிருந்து நடக்கிற குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா. நம்பர்தான் வேற, சங்கதி அதேதான்.)

2023-ல செஷன்ஸ் கோர்ட் நாலு பேருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. ஹைகோர்ட்ல அப்பீல் பண்ண 60 நாள். தண்டனையை நிறுத்தி வெச்சு ஜாமீன்ல விட்டிருக்காங்க. அப்பீல் இன்னும் நிலுவையில இருக்கு.

வக்கீல் பொறுமையா சொன்னார். "திடீர் சண்டை, முன்திட்டம் இல்லைன்னு நிரூபிச்சா 302 போய் 304 இரண்டாம் பாகம் வரலாம். அதிகபட்சம் பத்து வருஷம். ஆனா ஒன்றரை மணி நேரம் கழிச்சுப் போனீங்களே தம்பி, அதை எப்படித் திடீர்னு சொல்றது?"

அப்பீல்னா கேஸை முதல்லேருந்து மறுபடி ஓட்டுவாங்கன்னு நினைச்சிருந்தேன். இல்லையாம். ஹைகோர்ட் எல்லாத்தையும் அலசும்தான், ஆனா கீழ்க்கோர்ட்ல பதிவான சாட்சியத்தை வெச்சுதான். புதுசா சாட்சியம் சேர்க்க விடுறது ரொம்ப அபூர்வம். அங்க குறுக்கு விசாரணையில கேக்காம விட்ட கேள்வி, விட்டதுதான். அதுக்கு மேல சுப்ரீம் கோர்ட் அனுமதிச்சாதான் உண்டு.

இன்னொண்ணு. ஹைகோர்ட்ல தண்டனை குறைஞ்சா, செத்தவனோட அம்மாவும் சுப்ரீம் கோர்ட் கதவைத் தட்டலாம். தட்டட்டும், அவங்க பக்கம் நியாயம் இருக்கு. கோர்ட் வாசல்ல பையன் போட்டோவை முந்தானையில மறைச்சு வெச்சிருந்தாங்க. எந்தக் கோர்ட்டும் அவனைத் திருப்பித் தராது.

அன்னிக்கு "போகாதடா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பானா தெரியாது. "வேலை இருக்குடா"ன்னுதான் சொன்னேன். அதுக்கு எந்தச் சட்டத்துலயும் செக்ஷன் இல்லை.

நானும் சும்மாதான் இருந்தேன்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், வக்கீல் இல்லை. உங்க வீட்டுல இப்படி ஒண்ணுன்னா முதல் நாளே நல்ல வக்கீலைப் பாருங்க. அதுக்கும் முன்னாடி, போன் வந்தா வெச்சுடாதீங்க.