பசவன் மேய்ந்த கடலை

போன தீபாவளிக்கு நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். பெட்டிக்குள் நாலு அறை: பாதாம், முந்திரி, கிஸ்மிஸ், காய்ந்த அத்திப்பழம். கூடவே அரைமணி நேரம் சத்துணவுப் பேச்சு. "நட்ஸையும் ட்ரை ஃப்ரூட்ஸையும் கலந்து கொறிக்கிற பழக்கமே நம்ம பக்கத்துல கிடையாது. சாயங்காலம் ஆனா போண்டாதான்" என்றார் பேசியவர். ஷிப்டு முடிந்த களைப்பில் எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். தளி ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் அம்மாவின் ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வந்து உறுத்தத் தொடங்கியது.

பொங்கல் முடிந்து மாசி பாதி வரைக்கும் அந்த பாட்டிலில் ஒரு கலவை இருக்கும். பல்லளவு நறுக்கிய கொப்பரை, அதே அளவில் வெல்லம், பொட்டுக்கடலை, தோல் நீக்கிப் பிளந்த வேர்க்கடலை, வெள்ளை எள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு கைப்பிடி. அடுப்பு மூட்ட வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஓசூரில் இதற்கு எள்ளுபெல்லா என்று பேர். சங்கராந்தியன்று கன்னட வீட்டுப் பெண்கள் தட்டில் இதையும் கரும்புத் துண்டையும் சர்க்கரை அச்சையும் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இங்கே தெலுங்கு வீடுகளும் இதில் சேர்த்தி.

ஆனால் நாங்கள் இரண்டும் இல்லை. அப்பா திண்டிவனம் பக்கம். 1980-களின் தொடக்கத்தில் சிப்காட்டில் வேலை கிடைத்து வந்தவர். அங்கே எங்கள் சொந்தத்தில் ஒருவர் வீட்டிலும் பொங்கலுக்கு எள்ளுபெல்லா கிடையாது. அப்படியானால் அந்த பாட்டிலை நிரப்ப அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? கேட்க அம்மா இல்லை.

முதலில் பெரிய வழியாகப் போனேன். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசு என்று கன்னடத்தில் சொல்வது போலவே மராட்டியிலும் தில்குள் கொடுத்துச் சொல்கிறார்கள். சிவாஜியின் அப்பா ஷாஹாஜி 1638-இல் பெங்களூருக்கு வந்து அங்கே ஜாகிர்தாராக இருந்தவர். ஆகா, பிடித்துவிட்டோம் என்று இரண்டு நாள் திரிந்தேன். சொலவடைக்கு ஜாகிர்தார் தேவையா, ஒரு மருமகள் போதாதா என்று மூன்றாம் நாள் தோன்றியது. விட்டுவிட்டேன்.

கலவையில் எது எப்போது வந்திருக்கும் என்று பார்க்கலாமே என்று அடுத்து யோசித்தேன். எள் ஹரப்பா மண்ணிலேயே கிடைத்த பழைய ஆள். தேங்காய்க்கும் வெல்லத்துக்கும் பொட்டுக்கடலைக்கும் வயது கேட்க வேண்டியதில்லை. மிச்சம் வேர்க்கடலை. அங்கேதான் ஒரு மாடு குறுக்கே வந்தது.

கன்னடக் கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமை பெங்களூர் பசவனகுடியில் கடலேகாய் பரிஷே என்ற கடலைத் திருவிழா நடக்கும். எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்தும் மூட்டை மூட்டையாகக் கடலை போகும். பச்சை, அவித்தது, வறுத்தது என்று தெரு முழுக்கக் குவியல். அங்கே யாரைக் கேட்டாலும் ஒரே கதை. சுங்கேனஹள்ளி விவசாயிகளின் கடலைக் காட்டை ராத்திரி ராத்திரி ஒரு காளை மேய்ந்தது. அது சாட்சாத் நந்தியே என்று தெரிந்ததும் கோயில் கட்டி, முதல் மகசூலை அதற்கே கொடுப்பதாக வேண்டிக்கொண்டார்கள். கோயிலைக் கட்டியவர் கெம்பே கௌடர். ஒரே கல்லில் சுமார் 15 அடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது பசவன். எனக்கு அதைப் பார்க்க எப்போதும் பிடிக்கும். கதைதான் இந்தத் தடவை தொண்டையில் சிக்கியது.

காரணம், எங்கள் வீட்டில் வேர்க்கடலை என்று சொல்லவே மாட்டோம். மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா. ஸ்பானியர்கள் அந்த ஊரைப் பிடித்துத் துறைமுகமாக்கியது 1571. கெம்பே கௌடர் பெங்களூரில் மண்கோட்டை கட்டியது 1537. அவர் காலமானது 1569 வாக்கில். மணிலாவுக்கே வந்து சேராத கொட்டையைப் பசவன் எப்படி மேய்ந்தது?

பசவனுக்கு வக்காலத்து வாங்கியும் பார்த்தேன். கடலையின் பூர்வீகம் தென்னமெரிக்கா, பொலிவியாவும் அர்ஜென்டினாவும் சேரும் பக்கம். போர்த்துக்கீசியர் பிரேசிலைத் தொட்டது 1500, கோவாவைப் பிடித்தது 1510. அவர்கள் கப்பலில் மேற்கே இருந்தும் வந்திருக்கலாம். வந்திருந்தாலும், காளை மேய்கிற அளவுக்கு சுங்கேனஹள்ளியில் காடு காடாக விளைய அந்த இருபது முப்பது வருஷம் போதுமா?

பரிஷேயில் கடலை அளந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் கொட்டினேன். கால்படியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "கடலே தானே சார் தின்னுச்சு?" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளுக்கு அளக்கப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்போதுதான் அந்த ஒரு வரி எனக்கு உறைத்தது. கன்னடத்தில் கடலே என்றால் கொண்டைக்கடலை. பிறகு வந்தது கடலேகாயி. தெலுங்கிலும் செனகலு முதலில், வேருசெனக பிறகு. நம் வேர்க்கடலையும் அப்படித்தான். (அது வேரில் காய்ப்பதும் இல்லை, பூ மேலே பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கிக் காயாகும்.) வங்காளத்தில் சீனாபாதாம். போன இடத்திலெல்லாம் ஏற்கெனவே இருந்த ஒன்றின் பேரை வாங்கி மாட்டிக்கொண்டு புகுந்திருக்கிறது. பசவன் மேய்ந்தது கொண்டைக்கடலையாகவே இருக்கட்டும்; பயிர் மாறியபோது கதை பேரை மாற்றாமலே பயிரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும். நிரூபணம் இல்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

ஏனென்றால் எள்ளுபெல்லாவிலும் இரண்டு கடலை இருக்கிறது. பொட்டுக்கடலை பழைய கடலை. வேர்க்கடலை அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. எப்போது, யார் கையால்?

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் சொந்தக்காரி அவ்வா. தெலுங்குக்காரர். எண்பது தாண்டிவிட்டது. மார்கழிக் கடைசியில் போனேன்.

"அவ்வா, எள்ளுபெல்லா எங்கம்மாவுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"கொப்பரை வெட்டத் தெரியுமா நாயனா?"

பாக்குவெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். கொப்பரையின் பழுப்புத் தோலைச் சீவி, வெள்ளையை மட்டும் கீற்றாக்கி, கீற்றைத் துண்டாக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஒரு மூடி முடித்தேன். முறத்தில் பரப்பிப் பார்த்தார். பாதியை எடுத்துத் தனியாக வைத்தார். "இது சட்னிக்கு."

அடுத்த தடவை வெல்லம். இடிக்கக் கூடாது, இடித்தால் தூளாகும், தூள் ஈரம் இழுக்கும். கெட்டி வெல்லமாக வாங்கி வெட்டி, வெள்ளைத் துணியில் மாடியில் காயப்போட வேண்டும். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழிப் பனிக்கு முன்னால், நாலரை மணிக்கே, அள்ளிக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். மூன்று நாள் இப்படி. கொப்பரையும் அப்படியே. அம்மாவின் பாட்டில் மாசி வரைக்கும் தாங்கியது இதனால்தான். ஐந்தில் ஒன்று ஈரமாக இருந்தாலும் மற்ற நாலும் கெட்டுப்போகும். வறுத்த கடலை முழுக்க ஆறாமல் சேர்த்தால் வெல்லம் வியர்க்கும்.

எள்ளை ஊறவைத்துத் தோல் போகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் சும்மா இராமல், "தோல்லதான் அவ்வா சுண்ணாம்புச் சத்து இருக்கு, தேய்ச்சா பெரும்பகுதி போயிடும்" என்றேன். உண்மைதான்.

"அப்ப தோலை நீ தின்னு."

கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. மூன்றாம் தடவை வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

"எள்ளுபெல்லா உங்கம்மாவுக்கு நான் சொன்னேன். செனக்காய் உங்க வீட்டுது."

அப்பா ஒவ்வொரு அறுவடைக்கும் ஊருக்குப் போய் ஒரு சாக்கு மல்லாட்டை கொண்டுவருவார். அது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பாதி சாக்கு வாடகை வீட்டு மரியாதையாக அவ்வாவுக்குப் போகும். அதற்கு முன்னால் அவர் மாமியார் காலத்தில் பேருக்கு ஒரு பிடி போடுவார்களாம். கொப்பரையும் பொட்டுக்கடலையும்தான் நிறைய. "உங்கப்பன் மூட்டை வந்த வருஷத்துலேருந்து பாதிக்குப் பாதி செனக்காய்."

உள்ளேயிருந்து அவர் மகன் குரல் கொடுத்தார். "அம்மா சும்மா சொல்லுது. எப்பவுமே நிறையத்தான் இருக்கும்."

"நீ தின்னவன். போட்டவ நானு."

நான் யார் பக்கமும் சேரவில்லை. ஆனால் அப்பாவின் மூட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கொண்டுவந்தது டிஎம்வி 2. டிஎம்வி என்றால் திண்டிவனம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட ரகம். குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து பொறுக்கி எடுத்தது. குடியாத்தம் கிருஷ்ணகிரியிலிருந்து எட்டும் தூரம்தான். பிறகு அதே ரகம் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் ஆண்டது. காய் சிறிசு, உள்ளே ரெண்டே பருப்பு. "மூணு இருந்தா அது நம்மூரு காயில்ல" என்பார் அப்பா, ஏதோ ஜாதகம் பார்த்த மாதிரி.

சங்கராந்திக்கு நாலு நாள் இருந்தது. "உங்கப்பன் மாதிரி ஒரு சாக்கு கொண்டாயேன்" என்றார் அவ்வா.

பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். மல்லாட்டை போட்டு எட்டு வருஷமாகிறது, களையெடுக்க ஆள் இல்லை, நிலம் பூராவும் சவுக்கு என்றான். அவ்வாவிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கடையில் ஐந்து கிலோ காய் வாங்கி, பழைய சாக்கில் மாற்றிச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு போனேன்.

முடிச்சை அவிழ்த்தார். ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உடைத்து, உள்ளங்கையில் கொட்டி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். மூணு பருப்பு.