முடிகிற சங்கு

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்குச் சங்குச் சத்தம் மறக்காது. சங்கு ஊதினால் ஒரு ஷிப்ட் உள்ளே போகும், ஒரு ஷிப்ட் வெளியே வரும். அப்பா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இருந்தார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஆனால் மேலே ஏறி வந்துவிட்டால், அந்த வேலை அவரைத் தேடி வீட்டுக்கு வராது.

நைட் ஷிப்ட் முடிந்து அவர் பகலில் தூங்கும்போது எங்கள் லைன் வீடுகளில் யாரும் சத்தம் போட மாட்டோம். பக்கத்து வீட்டு அக்கா ரேடியோவைக் குறைப்பார். பம்பரம் விடும் பசங்களைப் பாட்டி விரட்டுவார். ஒருத்தர் தூக்கத்துக்கு லைனே காவல்.

அதற்காகச் சுரங்க வேலை சொர்க்கம் என்று சொல்லவில்லை. பாறை வெடித்தால் வீட்டில் பாத்திரம் ஆடும், உள்ளே யார் என்று அம்மாக்கள் ஓடுவார்கள். ஆனாலும் நேரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. பூமிக்கடியில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஆறு நாளுக்கு மேல் வேலை கிடையாது என்று 1952 சுரங்கச் சட்டமே சொன்னது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். ஊர் ஜனம் விடியலில் ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போக ஆரம்பித்தது. சிலர் என்னைப் போல இன்னும் தூரம் வந்தோம்.

இங்கே சிட்னியில் என் போனுக்கு ஆரம்பிக்கிற சங்கு மட்டும்தான் தெரியும். பெங்களூர் டீமுக்கு மாலை 6 என்றால் எனக்கு இரவு 10.30. வேலை நேரம் தாண்டி வரும் அழைப்பை நியாயமான அளவில் மறுக்கலாம் என்று ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் சட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஊர்விட்டு வந்த நம் சிக்கல் வேறு இல்லையா? ஊரில் அம்மா தனியாக இருக்கும்போது போனை எப்படி அணைப்பது? ராத்திரி 2 மணிக்கு மணி அடித்தால் கண் திறக்கும் முன் வயிறு கலங்கும். பார்த்தால் ஏதோ சர்வர் அலர்ட்!

அதனால் இரண்டையும் பிரித்துவிட்டேன். ஆபீஸ் போன் இரவு 8 மணிக்கு டிராயருக்குள் போய்விடும். சொந்தப் போனில் ராத்திரி அம்மா, தங்கை, பக்கத்து வீட்டு அக்கா மூன்று எண்கள் மட்டும் ஒலிக்கும். ஆன்-கால் முறை வரும் வாரம் மட்டும் விதிவிலக்கு. அது என் நைட் ஷிப்ட்.

இன்னொன்றும் உண்டு. எனக்குக் காலை 9 மணி என்றால் பெங்களூரில் விடியற்காலை 4.30. டீமில் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் இருக்கிறான், தினமும் ரயிலில் வருகிறவன். எனக்குத் தோன்றுகிற நேரத்தில் எழுதிக்கொள்வேன், ஆனால் அங்கே ஆபீஸ் திறந்த பிறகே போகும்படி நேரம் குறித்து வைப்பேன். அவன் தூக்கத்துக்கு நானும் கொஞ்சம் காவல் இருக்கணும்.