மோந்து பார்க்காமல் வாங்குவது

"சார், மூக்குக்கிட்ட கொண்டுபோகாதீங்க!"

அந்த அக்கா போட்ட சத்தத்தில் மாலையைக் கீழே விட்டிருப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் வாசலில் காலை ஏழரை மணி. துளசியும் சம்பங்கியும் கலந்த மாலையை விலை கேட்டு வாங்கியதும் கை தானாக முகத்துக்குப் போய்விட்டது. சென்னையில் வாசனைப் புட்டிக் கடைகளுக்குப் போய் வந்த பழக்கம். அங்கே கடைக்குள் நுழைந்ததுமே ஒரு காகிதத் துண்டில் பீய்ச்சி நம் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள்.

"சாமிக்கா, வீட்டுக்கா?" என்றார் அக்கா.

"சாமிக்குத்தான்."

"அப்ப மோக்கக் கூடாதுல்ல. மோந்த பூ ஆகாது. வீட்டம்மாவுக்குன்னா எவ்வளவு வேணும்னாலும் மோந்துக்கங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் தொட்ட மாலையை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

எனக்கும் தெரிந்த விதிதான். சின்ன வயதில் பாட்டியிடம் இதற்காகக் குட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் அந்த விதியைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. பெரியாழ்வார் பெருமாளுக்குத் தொடுத்து வைத்த மாலையை யாருக்கும் தெரியாமல் தான் சூடி, கிணற்றில் அழகு பார்த்த பெண்ணுடைய ஊர் இது. அவள் பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு இன்றும் இருக்கிறது. அவள் சூடிக் களைந்த மாலைதான் வேண்டுமென்று பெருமாள் கேட்டதாகக் கதை. அதே பெண்ணின் வாசலில் நான் பூவை முகர்ந்தால் குற்றம். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவ ஆண்டாளு. நீங்க யாரு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மோந்து பார்க்காமல் மணத்தை வாங்குவது எப்படி? இதைப் பார்ப்பதற்காகவே அந்தக் கடை ஓரத்தில் ஒரு ஸ்டூல் கேட்டு உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் வந்தார். துளசி மாலை மட்டும் போதும் என்றார். ஓர் இலையைக்கூடத் தொடாமல், கதிர் கறுத்திருக்கிறதா என்று பார்வையாலேயே கணக்குப் போட்டார். ஒரு பெண் மல்லிகைச் சரத்தை உள்ளங்கையில் தூக்கி எடை பார்த்தார். இன்னொருத்தி சரத்தைத் திருப்பிக் காம்புப் பக்கம் பார்த்தாள். காம்பு பச்சையாக இருந்தால் இன்று பறித்தது. பழுத்திருந்தால் நேற்றையது, தண்ணீர் தெளித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணும் கையும் செய்கிற வேலை இது, மூக்குக்கு இடமே இல்லை.

மல்லிகையைப் பொறுத்தவரை மோந்தாலும் பயன் கிடையாது. காலையில் மொட்டில் என்ன இருக்கிறது? கொஞ்சம் பச்சை வாடை. மல்லிகை செடியை விட்டு வந்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், பொழுது சாய்ந்து இதழ் விரியும்போதுதான் அது வெளியே வரும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி வெளிநாட்டு வாசனைப் புட்டிகளுக்குப் போவதும் இந்தக் கணக்கில்தான். பகலில் மொட்டாக வந்து சேரும் பூவைப் பரப்பி, ராத்திரி விரியும்வரை காத்திருந்து, கரைப்பானில் ஊறவைத்து மணத்தை மெழுகாக எடுப்பார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு ஒன்றிரண்டு கிலோ மெழுகு தேறும். ஆக, காலையில் முழம் வாங்குகிற பெண் இன்னும் பிறக்காத வாசனைக்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிறாள்.

முழத்தில்தான் எல்லாத் தகராறும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம் என்றால், யார் முழங்கை? "ஒங் கை குட்டக் கையி, எங் கையில அளந்து குடு" என்று ஓர் ஆச்சி தன் கையை நீட்டினார். அக்கா மறுபேச்சில்லாமல் அந்தக் கையிலேயே அளந்தார். கடைசியில் சரத்தை லேசாக இழுத்துப் பிடித்ததை நான் பார்த்தேன். ஆச்சியும் பார்த்தார். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவின் விரல்களைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தண்ணீர்ச் சட்டியில் வாழைநார் ஊறுகிறது. நகத்தால் கீறி இழை பிரிக்கிறார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, விரலைச் சுற்றி ஒரு வளையம், ஓர் இழுப்பு. கண் தெருவில் இருக்கிறது, வாய் வாடிக்கையாளரோடு பேசுகிறது, கட்டு மட்டும் ஒரே அளவில் நீண்டுகொண்டே போகிறது. இழுப்புத் தளர்ந்தால் பூ நழுவும், இறுகினால் காம்பு அறுந்து சாயங்காலம் விரிவதற்குள் தலை தொங்கிவிடும். மார்கழியில் நாள் முழுதும் ஈரநாரோடு கிடந்து விரல் நுனி வெடித்துவிடுமாம். அப்போதுதான் பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து கிலோ விலை ஆயிரங்களில் ஏறும். "பூவுக்குத்தான் வெல ஏறும், கட்டுக்கூலி அப்பிடியேதான்" என்றார். வீட்டிலிருந்தபடியே கட்டிக் கொடுக்கிற பெண்கள் நாலைந்து பேர் அவருக்கு உண்டு.

"நாள் பூரா வாசத்துலயே இருக்கீங்களே?" என்று கேட்டு வைத்தேன். அசட்டுக் கேள்வி.

"எங்க தெரியுது? பஸ்ஸுல ஏறுனா பக்கத்துல இருக்கவங்க 'பூ வச்சிருக்கீங்களா'ன்னு கேப்பாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

உள்ளே ஆண்டாளின் இடக்கையில் கிளி. தினம் ஒரு புதுக் கிளி. மாதுளம்பூவில் அலகு, மூங்கில் குச்சியில் கால், உடம்புக்குப் பச்சை இலைகள், இடையிடையே அரளியும் நந்தியாவட்டையும். செய்து முடிக்க நாலரை மணி நேரம் ஆகும் என்கிறார்கள். மறுநாள் அது பழைய கிளி. அவள் சூடிய மாலைக்குத்தான் நீண்ட பயணம். சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அணிய மதுரைக்கும், பிரம்மோற்சவக் கருட சேவைக்கு 500 கிலோமீட்டருக்கும் அப்பால் திருப்பதிக்கும் அது போகிறது. அந்த மாலையில் துளசியும் செவ்வந்தியும் சம்பங்கியும் இருப்பதன் காரணத்தை அக்கா ஒரே சொல்லில் முடித்தார்: "தாங்கும்." மல்லிகை அவ்வளவு தூரம் தாங்காது.

பன்னிரண்டு மணி வெயிலில் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். கிளம்புவதற்கு முன் வீட்டுக்கென்று இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். அதை இலையில் சுற்றிப் பைக்குள் வைத்தாயிற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் மூக்குக்கு வேறு நாடு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கியதிலிருந்து பஞ்சை நம்பி வளர்ந்த ஊர். கடைத்தெருவில் பஞ்சும் எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த நெடி.

அந்தக் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குள் போனேன். நம்மூரில் வாசனைக்கென்றே தனிக்கடை தேடுபவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். சாம்பிராணி, குங்கிலியம், பச்சைக் கற்பூரம், கிச்சிலிக் கிழங்கு, கட்டுக்கட்டாக வெட்டிவேர். பிரெஞ்சுக்காரர்கள் வெட்டிவேரை மட்டுமா எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பெயரையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். அண்ணாச்சி அத்தர்ப் புட்டியைத் திறந்து, கண்ணாடிக் குச்சியால் என் இடது புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். கை வழக்கம்போல மூக்குக்குப் போனது.

"இப்ப மோந்து பாத்து என்ன செய்யப் போறீங்க?" என்றார். "இது புட்டி வாசம். ஒங்க ஒடம்புல எறங்கணும். சாயந்தரம் ஆறு மணிக்கு மோந்து பாருங்க. பிடிச்சிருந்தா அடுத்த வாட்டி வாங்கிக்கங்க."

ஒரே நாளில் இரண்டாவது தடவை. விற்பனைக்கு இப்படியும் ஒரு முறை உண்டா என்று வியப்பாக இருந்தது. சென்னையில் பளபளப்பான ஒரு கடையில் முதல் ஐந்து நிமிட மணத்தில் மயங்கி ஒரு புட்டி வாங்கினேன். இரண்டாம் மணி நேரத்தில் அது குளியலறை கழுவிய வாடையாகிவிட்டது. அங்கே யாரும் என்னை ஆறு மணிவரை காத்திருக்கச் சொல்லவில்லை.

அதற்குள் ஓர் அம்மா ஜவ்வாது கேட்டு வந்தார். கணவர் திருநீற்றில் கலந்து பூசுவாராம். "போன வாட்டி வாங்குனது எங்கப்பா காலத்து ஜவ்வாது மாதிரி இல்லியே."

"அப்பா காலத்துப் பூனை இப்ப இல்லம்மா" என்றார் அண்ணாச்சி.

புனுகுப் பூனையைப் பிடித்து அடைத்துவைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இப்போது சிமிழில் வருவதில் பெரும்பாலும் சந்தனமும் வேர்களும் செயற்கை மணமும்தான். புனுகின் மணத்துக்குக் காரணமான பொருள் 17 கரி அணுக்கள் கைகோத்த ஒரு பெரிய வளையம் என்று லியோபோல்ட் ருசிச்கா 1926-ல் கண்டு சொன்னார். 1939-ல் அவருக்கு வேதியியல் நோபெல் கிடைத்தது. பூனையைத் தொந்தரவு செய்யாமல் அந்த மணத்தைச் செய்துகொள்ள அது வழி திறந்தது. இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். சொல்லவில்லை. அவர் சிமிழைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடி, அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோர இடம். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றபோது கோபுரத்துக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டி மணியைப் பார்த்தேன். ஆறு அடித்துவிட்டிருந்தது. அண்ணாச்சி சொன்னபடி புறங்கையை மூக்கருகே கொண்டுபோனேன்.

அத்தரா அது என்று சொல்ல முடியவில்லை. பைக்குள் இலைக்கட்டில் மல்லிகை விரியத் தொடங்கியிருந்தது. முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தார்.

"பூ வச்சிருக்கீங்களாண்ணே?"