பேனா யாருடையது?

சைக்ளோஸ்டைல் மெஷினைப் பார்த்திருக்கிறீர்களா? தெருவுக்கு நாலு ஜெராக்ஸ் கடை முளைப்பதற்கு முன்னால், ஆபீஸ் சர்க்குலர்களை எல்லாம் பெற்றுப் போட்ட புண்ணியவதி அது. டைப்ரைட்டரில் ரிப்பனை ஒதுக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்ஸில் தாளில் தட்ட வேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அதை உருளையில் மாட்டி, மை ஊற்றி, கைப்பிடியைச் சுற்றினால் காப்பி காப்பியாக வந்து விழும். சட்டையிலும் கொஞ்சம் மை விழும்.

1986-ல், கல்லூரி இரண்டாம் வருஷத்தில், நானும் மூன்று நண்பர்களும் அதில்தான் ஒரு பத்திரிகை போட்டோம். மாதம் ஒன்று, நாலு பக்கம், நூறு பிரதி. நான்தான் ஆசிரியர். இலக்கியத் தகுதி ஒன்றும் இல்லை. நாலு பேரில் நான் மட்டும்தான் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ். மெஷின், பேப்பர், மை மூன்றும் கல்லூரி ஆபீஸ் உபயம். முதல் இரண்டு இதழில் கவிதை, ஜோக், கிரிக்கெட். பிரின்ஸிபாலே கூப்பிட்டு, "குட், குட்" என்றார்.

மூன்றாவது இதழில் வந்தது வினை. பொங்கல் லீவில் நாலு நாள் ஹாஸ்டலே காலி. ஆனால் மெஸ் பில்லைப் பார்த்தால், அந்த நாலு நாளும் நாங்கள் மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டிருந்தோம்! நண்பன் ஒருத்தன் கணக்குப் போட்டு எழுதினான். 'ஊரில் பொங்கல், இங்கே பில்' என்று நான் தலைப்பு வைத்தேன்.

மறுநாள் பிரின்ஸிபால் ரூம். மேஜை மேல் ஒரு தாள். 'நாங்கள் வெளியிட்டது தவறான செய்தி, வருந்துகிறோம்.'

"மெஷின் யாரோடது?" என்றார்.

"உங்களோடது ஸார்."

"அப்ப சைன் பண்ணு."

பண்ணினேன். இன்னும் இரண்டு பேரும் பண்ணினார்கள். எழுதினவன் மட்டும், "கணக்குல எங்க தப்புன்னு காட்டுங்க ஸார், போடறேன்" என்றான். இரண்டு வாரம் அவனுக்கு ஹாஸ்டல் கிடையாது. பத்திரிகைக்கு அதுவே கடைசி இதழ். அடுத்த மாத பில்லில் சத்தமே இல்லாமல் நாலு நாள் பணத்தைக் கழித்திருந்தார்கள்.

நிஜம் என்று தெரிந்தே பொய் என்று நான் போட்ட முதல் கையெழுத்து அது. ஆபீஸில் சேர்ந்தபிறகு பழகிவிட்டது.

போன வருஷம் கலிபோர்னியாவிலிருந்து லீவில் வந்த அக்கா பையன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். "ஸ்டான்ஃபோர்டுல ஸ்டூடண்ட்ஸ் நடத்தற பேப்பர், யுனிவர்சிட்டி தலைவரையே வீட்டுக்கு அனுப்பிடுச்சு மாமா." எனக்குக் காப்பி புரை ஏறியது. மறுநாளே தேடிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

1892-ல் ஆரம்பித்த பேப்பர். 'ஸ்டான்ஃபோர்டு டெய்லி' என்ற பெயர் 1926-ல் வந்தது. 1971 ஏப்ரலில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஒரு போராட்டம், அடிதடி. போலீஸ்காரர்களுக்கும் காயம். பேப்பரில் படம் வந்தது. அடித்தவர்கள் முகம் வேறு படங்களில் இருக்குமோ என்று போலீஸ் சர்ச் வாரண்ட்டோடு வந்து மேஜை, பீரோ, குப்பைக்கூடை வரை கிளறியது. கிடைத்ததெல்லாம் ஏற்கெனவே அச்சாகிவிட்ட படங்கள்தான்!

பையன்கள் சும்மா விடவில்லை, வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டுகளில் ஜெயித்தார்கள். 1978-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்துக்கு மூன்று என்று தோற்றார்கள். தோற்றாலும் விஷயம் அமுங்கவில்லை. 1980-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமே கொண்டுவந்தது. பத்திரிகைக்காரர்களிடம் ஏதாவது வேண்டுமென்றால், போலீஸ் பெரும்பாலும் சம்மன் அனுப்பித்தான் கேட்க வேண்டும். நினைத்தபோது வந்து குப்பைக்கூடையைக் கவிழ்க்க முடியாது.

இதற்கு நடுவில் 1973-ல் இன்னொரு காரியம் செய்தார்கள். பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, பேப்பரைத் தனி நிறுவனமாக்கிக் கொண்டார்கள். அதாவது, 'மெஷின் யாரோடது?' என்று கேட்க அங்கே பிரின்ஸிபால் கிடையாது.

அந்த விலகல் 2022-ல் கைகொடுத்தது. தியோ பேக்கர் என்ற முதல் வருஷ மாணவன், பல்கலைக்கழகத் தலைவரான மார்க் டெஸியே-லவீன் பெயர் போட்ட பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படங்கள் திருத்தப்பட்டிருப்பதாகச் சந்தேகம் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தான். பெரிய விசாரணை நடந்தது. அவரே மோசடி செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் தவறு தெரிந்தும் ஒழுங்காகத் திருத்தவில்லை என்றது அறிக்கை. 2023 ஜூலையில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். பையனுக்கு, பெரிய பத்திரிகைக்காரர்கள் வாங்கும் ஜார்ஜ் போல்க் விருது கிடைத்தது.

படித்து முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. பார்த்தீர்களா, மெஷின் சொந்தமாக இருந்தால் நானும் போல்க் வாங்கியிருப்பேன்! திருச்சியில் உரக்கடை வைத்திருக்கும் அந்த நண்பனுக்கு உடனே போன் போட்டேன். முழுக் கதையையும் சொல்லி, "அங்க எல்லாமே அவங்களோடது. நமக்கு மெஷின், பேப்பர், மை எதுவுமே நம்மோடது இல்லையேடா. என்ன பண்ணியிருக்க முடியும்?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"எல்லாம் சரிதாண்டா. ஆனா அன்னிக்கு நீ கையெழுத்துப் போட்ட பேனா என்னோடது. பக்கத்துல நின்ன எங்கிட்டதான் வாங்கினே. இன்னும் திருப்பித் தரலை."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். போகிற வழியில் ஒரு நல்ல பேனா வாங்க வேண்டும்.