தொட்டிலின் மறுபுறம்

தாய்மையைத் தெய்வமெனப் போற்றுவோர் ஏராளம். நள்ளிரவில் அழும் பிள்ளையைத் தோளில் ஏந்துவோரோ சொற்பம்! இரு மழலைகளின் தாய் நான். மூத்தவனுக்குக் காய்ச்சல், இளையவளுக்குப் பசி. எனக்கோ இமை மூட நேரமில்லை. எனினும், "நிலா ஏன் தேய்கிறது?" என்று மகன் கேட்கையில் களைப்பு கரைகிறது. காரணம் கேட்கும் மனிதன் ஒருவன் என் மடியில் வளர்கிறானே!

2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பைத் தாய்க்கு அளித்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியுமிடத்தில் காப்பகம் வேண்டுமென்றது. தந்தைக்கோ அதில் ஒரு நாளும் இல்லை! பாலூட்டத் தாய் வேண்டும்; தாலாட்ட, குளிப்பாட்ட, தடுப்பூசிக்குத் தூக்கிச் செல்லத் தந்தையின் கரங்கள் ஆகாவோ? தோழர்களே, தெய்வமென்று தொழவேண்டா. தொட்டிலின் மறுபுறம் வந்து நில்லுங்கள். மழலைச் சிரிப்பிலும் உங்களுக்குப் பங்குண்டு!